எங்கள் மைலை எங்களுக்கே விற்கிறார்கள்

நான் பறந்து முடித்த தூரம் எப்படி ஐயா காலாவதியாகும்? கட்டுநாயக்கவில் ஏறினேன், மெல்பேர்னில் இறங்கினேன். அதற்குரிய காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள். இந்தப் பயணத்துக்கு இவ்வளவு மைல் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அவர்களே எழுதி அனுப்பினார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. இப்போது அவர்களாகவே அத்தனையையும் துடைத்துவிட்டு, 'மதிப்புக்குரிய உறுப்பினருக்கு' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். என்ன மதிப்பு?

எந்தக் கொம்பனி என்று எழுதப்போவதில்லை. வளைகுடாக் கொம்பனியோ, தூரகிழக்குக் கொம்பனியோ, பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது.

நான் மருதானைக்காரன். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். கணக்கு விளங்காத ஆள் இல்லை. மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நானும் மனைவியும் போய்வருவோம். சேருகிற மைலைத் தொடாமல் வைத்து, ஒரு நோன்பு காலத்தில் இரண்டு பேருமாக உம்ராவுக்குப் போவது என்று நிய்யத்து வைத்திருந்தோம். அதற்காகவே மைல் சேரும் கடனட்டை ஒன்றும் எடுத்தேன். மின்சாரக் கட்டணம், பிரஷர் மாத்திரை, பேரனுக்கு வாங்கிய சைக்கிள் எல்லாம் அந்த அட்டையில்தான் போனது. மைல் சேரும் என்றார்கள், சேர்ந்தது. ஜித்தாவுக்கு இரண்டு டிக்கெட்டுக்குத் தேவையானதற்கும் மேலே சேர்ந்தது.

ஆசனம் கேட்டபோதுதான் கதை தொடங்கியது. நோன்பு மாதத்தில் இல்லை. பாடசாலை விடுமுறையில் இல்லை. டிசம்பரில் கேட்கவே வேண்டாம். ஆனால் அதே நாள், அதே விமானத்துக்குக் காசு கட்டுகிறேன் என்று தேடிப்பார்த்தால் ஆசனம் இருக்கிறது. தொலைபேசி எடுத்துக் கதைத்தேன்.

"சேர், ரிவோர்ட் சீட் ஒண்டும் காட்டுதில்ல."

"காசுக்குக் காட்டுதே மகன்?"

"அது வேற சேர்."

"என்ன வேற? ரெண்டு பிளேனா போகுது?"

"இல்ல சேர், பிளேன் ஒண்டுதான். சீட்தான் வேற."

அந்தப் பிள்ளையில் குற்றமில்லை. சம்பளத்துக்குப் பதில் சொல்கிறவன் அவன். உண்மையையும் அவன்தான் சொன்னான். விமானத்தின் ஆசனங்களைக் கொம்பனியின் கணினி பல வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த ஆசனம் எவ்வளவுக்கு விலைபோகும் என்று பழைய விற்பனையை வைத்து அது கணிக்கிறது. விற்காமல் போகும் என்று தோன்றுகிற ஆசனத்தைத்தான் குறைந்த மைலுக்குத் திறந்துவிடுகிறது. ஆகவே நோன்பு காலத்து ஜித்தாவும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊருக்கு வருகிற வழியும், சித்திரைப் புத்தாண்டும் நமக்குத் திறக்காது. நமக்குத் தேவைப்படும் நாள்தான் எல்லோருக்கும் தேவைப்படும் நாள். யாருக்கும் வேண்டாத செவ்வாய்க்கிழமை விடியற்காலைதான் நம்முடைய விசுவாசத்துக்குப் பரிசு. விளம்பரத்தில் எங்கேயாவது இதை எழுதியிருக்கிறார்களா?

கடைசியில் ஒரு நாள் ஆசனம் கிடைத்தது. சுற்றுவழி, இடையில் ஒரு விமான நிலையத்தில் இரவு முழுக்கக் காத்திருப்பு. சரி, அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறோம், பொறுப்போம் என்றாள் மனைவி. அடுத்த பக்கத்தில் கட்டவேண்டிய தொகை வந்தது. விமான நிலைய வரி கேட்டால் கட்டலாம், அது அரசாங்கத்துக்குப் போவது. அதற்குக் கீழே 'வை.கியூ.' என்று இரண்டெழுத்துக் குறியீட்டோடு இன்னொரு தொகை நின்றது. வரிகளோடு வரியாக நிற்பதால் வரி என்றே நினைக்கத் தோன்றும். அது வரி இல்லை. கொம்பனி தானே தன் பைக்குள் போட்டுக்கொள்ளும் மேலதிகக் கட்டணம், எரிபொருள் விலை ஏறிய காலத்தில் எரிபொருளின் பெயரால் வந்தது. இலவச டிக்கெட்டுக்கு இவ்வளவு கட்டணம் என்றால் காசு கட்டி வாங்கும் டிக்கெட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதே கேள்வியைத்தான் பிரிட்டிஷ் எயார்வேஸ் உறுப்பினர்கள் சிலர் 2012இல் நியூயோர்க்கில் வழக்காகப் போட்டார்கள். எரிபொருள் என்று வாங்கும் கட்டணத்துக்கும் எரிபொருளுக்குக் கொம்பனி உண்மையில் செலவழித்ததற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களுடைய வாதம். 2018இல் கொம்பனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே இணக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் வழக்குப் போட ஆளும் காசும் இருந்தது. நமக்கு?

யோசித்துச் சொல்கிறோம் என்று நாங்கள் இருந்த இடைவெளியில் அட்டவணையையே மாற்றிவிட்டார்கள். நேற்றுவரை இரண்டு பேருக்குப் போதுமாயிருந்த மைல் இன்று ஒருவருக்கும் காணாது. அதன்பிறகு கெடு முடிந்தது. முடிந்த மைலுக்கு உயிர்கொடுக்க வேண்டுமென்றால் ஒரு கட்டணம் கட்டலாமாம். என்னுடைய மைலை எனக்கே விற்கிறார்கள்.

பஞ்சிகாவத்தையில் ஒரு பெண் சீட்டுப் பிடிக்கிறாள் என்று வையுங்கள். மாதாமாதம் எல்லோரிடமும் வாங்கிவிட்டு, சீட்டு விழும் நாளில், "இந்த மாதம் இல்லை, பெருநாள் மாதத்திலும் இல்லை, லட்ச ரூபாய் என்று சொன்னேன், இப்போது அது அறுபதாயிரம், மூன்று வருடத்துக்குள் எடுக்காததால் அதுவும் இல்லை" என்று அவள் சொன்னால் என்ன நடக்கும்? பின்னேரத்துக்குள் அவள் வீட்டு வாசலில் தெருவே நிற்கும். இரவாகுமுன் மருதானைப் பொலிசில் முறைப்பாடு பதிவாகியிருக்கும். அதையே பெரிய கொம்பனி செய்தால் நிபந்தனைகளும் விதிமுறைகளும் என்று பெயர்.

மைல் வெறும் புள்ளிதானே, அதற்கு என்ன பெறுமதி என்று சிலர் கேட்கிறார்கள். பெறுமதி இல்லையா? கொவிட் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது அமெரிக்கக் கொம்பனிகள் எதை அடகு வைத்துக் கடன் வாங்கின தெரியுமா? இந்த மைலைத்தான். 2020இல் யுனைட்டட் தன்னுடைய மைல் திட்டத்தை ஈடாக வைத்து 6.8 பில்லியன் டொலர் திரட்டியது. அந்தத் திட்டத்தின் பெறுமதி ஏறத்தாழ 22 பில்லியன் டொலர் என்று தானே கணக்குக் காட்டியது. அந்த நேரத்தில் விமானங்களோடு சேர்த்து முழுக் கொம்பனிக்கும் பங்குச் சந்தையில் அவ்வளவு பெறுமதி இருக்கவில்லை. டெல்டா இதே வழியில் 9 பில்லியன் எடுத்தது. அடுத்த வருடம் அமெரிக்கன் எயார்லைன்ஸ் 10 பில்லியன் எடுத்தது. மைலை மொத்தமாக அச்சடித்து வங்கிகளுக்கு விற்கிறார்கள், வங்கி அதைக் கடனட்டைக்காரனுக்குக் கொடுக்கிறது. விற்ற அன்றே காசு கைக்கு வந்துவிடும். ஆக, அவர்கள் வங்கிக்குக் கொண்டுபோகும்போது மைல் பொன். நான் அதே மைலை அவர்களிடம் கொண்டுபோகும்போது மண். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு பக்கத்தில் கடன் என்று எழுதி வைத்திருக்கிற ஒன்றைக் கடன் கொடுத்தவனிடம் கேட்காமலே பாதியாகக் குறைக்கும் உரிமை வேறெந்த வியாபாரத்திலும் இல்லை.

1981 மே முதலாம் திகதி அமெரிக்கன் எயார்லைன்ஸ் இதைத் தொடங்கியபோது பறந்த தூரம்தான் கணக்கு, அதனால்தான் மைல். இப்போது தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே அற்றுப்போய்விட்டது. 2015இல் டெல்டாவும் யுனைட்டட்டும், 2016இல் அமெரிக்கனும் கட்டிய காசைப் பார்த்து மைல் கொடுக்கத் தொடங்கின. டெல்டா அதே 2015இல் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டது. அட்டவணை இல்லையென்றால் விலை ஏற்றினார்கள் என்று முறையிடவும் வழியில்லை. கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

அதிகம் முறையிட்டாலும் ஆபத்து. மினசோட்டாவில் பின்யோமின் கின்ஸ்பேர்க் என்ற யூத மதகுரு ஒருவர் நோர்த்வெஸ்ட் கொம்பனியின் உயர்தர உறுப்பினராக இருந்தார். பொதி பிந்தி வருகிறது, அது சரியில்லை, இது சரியில்லை என்று அடிக்கடி முறையிட்டாராம். 2008இல் கொம்பனி அவருடைய உறுப்புரிமையை ரத்துச் செய்தது. திட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு மட்டுமே உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தது. வழக்கு அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை போனது. 2014 ஏப்ரலில் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாகக் கொம்பனியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஒப்பந்தத்தில் நல்லெண்ணத்தோடு நடக்கவேண்டும் என்ற மாநிலச் சட்டத்தின் பொதுக் கடமையை வைத்துக்கூட அவரால் வெல்ல முடியவில்லை. வாய் திறந்ததற்கு அதுதான் தண்டனை.

கொம்பனியே விழுந்துவிட்டால் என்ன என்பதை நம் பக்கத்து வானம் காட்டியது. 2004இல் சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறந்துதான் ஜெட் எயார்வேஸ் தன் முதல் வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கியது. சென்னைக்குத் துணி வாங்கவும் மருத்துவத்துக்கும் போய்வந்த கொழும்புக்காரர் எத்தனையோ பேர் அதில் மைல் சேர்த்தார்கள். 2019 ஏப்ரலில் அது நின்றது. மைல் திட்டம் தனிக் கொம்பனியாக இருந்ததால் மைல் தப்பியது. ஏறத்தான் விமானம் இல்லை.

நம் நாட்டின் கதையோ இன்னும் கசப்பு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிள்ளையைப் பார்க்கப் போகும் டிக்கெட், ஓய்வூதியக்காரன் எட்டிப்பார்க்க முடியாத உயரத்துக்குப் போனது. ரூபாயில் சேமித்தவன் போனான், நாங்கள் மைலில் அல்லவா சேமித்தோம் என்று அன்று ஆறுதல்பட்டவர்கள் உண்டு. மேலதிகக் கட்டணம் டொலரில்தான் என்பதைக் கட்டும் இடத்தில் கண்டுகொண்டார்கள்.

என் கதையை விடுங்கள். எனக்கு வீடு இருக்கிறது, மகள் அனுப்புகிறாள். மருதானையில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை எழுதுகிறவன் சொல்லாமல் விடக்கூடாத ஆட்கள் வேறு இருக்கிறார்கள். புகையிரத நிலையத்திலிருந்து தெமட்டகொடைப் பக்கமாக நடந்து பாருங்கள். மாடிக்கு மாடி வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையங்கள். படிக்கட்டுகளில் பெண்கள். மட்டக்களப்பிலிருந்து, புத்தளத்திலிருந்து, ஹட்டனிலிருந்து இரவு பஸ் ஏறி வந்தவர்கள். கையில் ஒரு கோப்பு, பக்கத்தில் தகப்பனோ புருஷனோ, சில வேளை இடுப்பில் பிள்ளை. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொடங்கியதற்கும் முன்னாலிருந்தே ரியாத்துக்கும் குவைத்துக்கும் இவர்கள்தான் விமானத்தை நிரப்புகிறார்கள். இவர்கள் அனுப்பும் காசில்தான் இந்த நாடு எண்ணெயும் மருந்தும் வாங்குகிறது.

இவர்களில் எவளுடைய பெயரில் மைல் இருக்கிறது? டிக்கெட்டை வாங்குகிறவர் முகவர் அல்லது அங்குள்ள வீட்டுக்காரர். மலிவு வகை டிக்கெட்டுக்கு மைல் அரைகுறை அல்லது ஒன்றுமே இல்லை. உறுப்பினராகச் சேரலாம் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. சேர்ந்தாலும் மின்னஞ்சல் யார் பார்ப்பது? இறங்கியதும் கடவுச்சீட்டையே வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. சரி, எல்லாம் தெரிந்த ஒருத்தி சேர்ந்தாள் என்றே வைப்போம். வீட்டுவேலை ஒப்பந்தம் இரண்டு வருடம். இங்கே வந்துபோகும் பல கொம்பனிகளில் மைலின் கெடு மூன்று வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய்வருகிறவளின் மைல், ஒரு டிக்கெட்டுக்குரிய அளவை எட்டுவதற்குள் செத்துவிடும். மாதத்துக்கு இரண்டு முறை பறக்கும் கொம்பனி முதலாளிக்கு ஓய்வறை, முன்வரிசை, இலவச ஆசனம். அந்த விமானத்தின் பின்பக்கத்தை வருடக்கணக்காக நிரப்பிய பெண்ணுக்கு ஒரு தடவைகூடப் பெருநாளைக்குப் பிள்ளையிடம் வர ஒரு ஆசனம் இல்லை. இதற்கு விசுவாசத் திட்டம் என்று பெயர் வைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

முடியாதது எதையும் நான் கேட்கவில்லை. கனடாவில் ஒன்ராறியோ மாகாணம் 2016 டிசம்பரில் சட்டம் போட்டது. காலம் கழிந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளிகளைக் காலாவதியாக்கக் கூடாது என்றது. கணக்கைத் தொடாமலே வைத்திருந்தால் வேறு கதை, அந்த ஓட்டை இருக்கிறது. ஆனாலும் ஸ்காபரோவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இருக்கிற அந்த அளவு பாதுகாப்பாவது மருதானையில் இருக்கும் எனக்கு ஏன் இல்லை? அமெரிக்காவில் 2024 செப்டெம்பரில் போக்குவரத்துத் திணைக்களம் நான்கு பெரிய கொம்பனிகளிடம் மைல் திட்டங்கள் பற்றி விளக்கம் கேட்டது. நமக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளரை மயக்கும் நடத்தையை அது தடுக்கிறது. பருப்புக்கும் முட்டைக்கும் உச்சவிலை குறிக்கத் தெரிந்த அதிகார சபை இந்தப் பக்கமும் ஒருமுறை பார்க்கட்டும். கடனட்டையோடு மைலை விற்கிறவை நம்மூர் வங்கிகள். அவற்றை மேற்பார்வை செய்யும் மத்திய வங்கி, நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று 2023இல் ஒழுங்குவிதிகள் கொண்டுவந்திருக்கிறது. 'இலவசமாகப் பறவுங்கள்' என்று பதாகை வைக்கும் வங்கி, எத்தனை ஆசனம், எந்த மாதம், எவ்வளவு மேலதிகக் கட்டணம் என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடச் சொல்லட்டும். அட்டவணையை மாற்றுவதானால் ஒரு வருட அறிவித்தல் கொடுக்கட்டும். உறுப்பினர் மவுத்தானால் மைல் வாரிசுக்குப் போகட்டும்.

மைல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதீர்கள், கிடைக்கிற ஆசனத்தில் இந்த வருடமே போய்விடுங்கள். ஏமாந்தவர்கள் வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருக்காமல் நுகர்வோர் அதிகார சபையின் 1977ஐ அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன்.