காலுக்கு இதம்... பில்லுக்கு? பிரிட்டன் வீடுகளின் ‘தரை ஹீட்டர்’ கணக்கு

வெளியே 3 டிகிரி. உள்ளே ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம். பாத்ரூம் டைல்ஸில் கால் வைத்தால் ஐஸ் மேல வச்ச மாதிரி இருக்கும். படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் போன நண்பர்களைக் கேளுங்கள், முதல் குளிர்காலத்தைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள்.

இதற்குத் தீர்வாக அங்கே சொல்லப்படுவதில் ஒன்று, மின்சார ‘அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங்’. அது நிஜமாகவே செலவைக் குறைக்குமா?

எப்படி வேலை செய்கிறது?

டைல்ஸுக்கு அடியில் மெல்லிய மின்கம்பிகள் பதித்த மேட் விரிப்பார்கள். தரை சூடாகி, அந்த வெப்பம் அறை முழுக்கப் பரவும். தெர்மோஸ்டாட் தானாக ஆன், ஆஃப் செய்துகொள்ளும். சுவரில் ரேடியேட்டர் இடத்தை அடைக்காது. வெறுங்காலுடன் நடக்கலாம்.

இங்கதான் சிக்கல்

ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். கம்பி தரைக்கு அடியில் இருந்தாலும் சரி, மேஜை ஓரத்து ஃபேன் ஹீட்டரில் இருந்தாலும் சரி, இதில் மாற்றமில்லை.

ஆனால் 2025 இறுதியில் அங்கே மின்சாரத்தின் விலை கேஸைவிட நான்கு மடங்காக இருந்தது. 2025 அக்டோபர் - டிசம்பர் காலாண்டுக்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நிர்ணயித்த சராசரி உச்ச விலை இது: மின்சாரம் யூனிட்டுக்கு 26.35 பென்ஸ், கேஸ் 6.29 பென்ஸ்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 8 சதுர மீட்டர் தரை, சதுர மீட்டருக்கு 150 வாட். தினமும் 5 மணி நேரம் முழுதாக ஓடினால் 6 யூனிட். அந்த விலையில் அதே அளவு வெப்பத்துக்கு மாதச் செலவு:

- மின்சார தரை ஹீட்டர்: சுமார் 47 பவுண்டு
- ஹீட் பம்ப் (ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தந்தால்): சுமார் 16 பவுண்டு
- கேஸ் பாய்லர் (90% திறன்): சுமார் 13 பவுண்டு

நம்ம ஊர் பணத்தில் 47 பவுண்டு என்பது 5,000 ரூபாய்க்கு மேல். அதுவும் ஒரே ஒரு அறைக்கு!

ஏன் இந்த விலை?

காற்றாலை மின்சாரம் இருந்தும், பல நேரங்களில் சந்தை விலையைத் தீர்மானிப்பது கேஸ் மின்நிலையங்கள்தான். உக்ரைன் மீது 2022-ல் ரஷ்யா படையெடுத்த பிறகு பில் எகிறியதற்கு இதுவும் காரணம். போதாக்குறைக்கு, பசுமை மின்திட்டங்களுக்கான கட்டணமும் மின் பில்லில் ஏறுகிறது. அதில் ஒரு பெரும் பகுதியை 2026 ஏப்ரல் முதல் அரசே ஏற்கும் என 2025 நவம்பர் பட்ஜெட் அறிவித்தது.

அப்போ யாருக்குப் பயன்?

சின்ன பாத்ரூம், காலையில் அரை மணி நேரம், எப்படியும் தரையைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் இது நல்ல தேர்வுதான். கீழே இன்சுலேஷன் பலகை கட்டாயம். இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் வெப்பம் மண்ணுக்குள் போகும். தடிமனான கார்ப்பெட்டும் வெப்பத்தைத் தடுக்கும்.

ஆனால் பழைய விக்டோரியன் வீடுகளில் மரத்தரைக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வெற்றிடம் விட்டிருப்பார்கள். இடுக்கு வழியே குளிர்காற்று ஏறும். அங்கே முதல் செலவு ஹீட்டருக்கு அல்ல, இடுக்கை அடைத்து இன்சுலேஷன் போடுவதற்குத்தான்.

வாடகைக்கு இருப்பவர் அதைக்கூடத் தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. தரை வீட்டு ஓனருடையது, பில் மட்டும் குடியிருப்பவருடையது. கேஸ் இணைப்பே இல்லாத ஃப்ளாட் என்றால், விலை கூடிய மின்சாரத்தை விட்டால் பெரும்பாலும் வேறு வழியும் இல்லை.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே போனால் மூச்சுக்கோளாறு, இதயநோய் ஆபத்து கூடும். பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைக்கும் முதியவருக்கு இது வசதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

அதனால், அங்கே வீடு தேடும் நண்பருக்கு ஒரு டிப்ஸ்: வாடகையைக் கேட்கும்போதே இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். ஹீட்டிங் எதில் ஓடுகிறது? இன்சுலேஷன் இருக்கிறதா?