எடை நின்றால் முயற்சியும் நிற்கலாமா?

சிங்கப்பூர் 2016இல் நீரிழிவின் மீது போர் தொடுத்தது. அந்நோய் இங்கு சீனரைவிட இந்தியரிடையே அதிகம். ஆகவே சோற்றையும் பரோட்டாவையும் குறைத்து உடல் எடையைக் கட்டுப்படுத்த முனைவோரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் இரண்டு வாரம் மளமளவென இறங்கும் எடை, பிறகு அசைய மறுக்கிறது. உடனே சிலர் கைவிடுகின்றனர். சிலர் பட்டினி கிடக்கின்றனர். இரண்டுமே தவறு என்பேன்.

முதலில் இறங்கியதில் பெரும்பங்கு நீர். உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது குறைந்தபின் கொழுப்பு மெல்லத்தான் கரையும். மேலும், இளைத்த உடலுக்கு முன்பு போல் அத்தனை உணவு தேவையில்லை.

எனவே தட்டைக் கவனிப்போம். தேக்கா உணவங்காடியில் சோற்றை ஒதுக்கிவிட்டு, கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் குடித்தால் என்ன பயன்? 'தே ஓ கோசோங்' கேட்கலாமே! ஆட்டுக்கறியில் மிதக்கும் எண்ணெயில் மாவுச்சத்து இல்லை. கலோரி நிறையவே உண்டு.

2018இல் வெளிவந்த ஸ்டான்ஃபர்ட் ஆய்வில் 609 பேர் பங்கேற்றனர். ஓராண்டில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தனர். அதாவது, மாதம் அரைக் கிலோ! அப்படியிருக்க, இரண்டு வாரத் தேக்கத்துக்கு ஏன் கலங்க வேண்டும்?

இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நீரிழிவு மருந்து உட்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே சோற்றைக் குறைக்கட்டும். மற்றவர்களுக்குத் தேவை பொறுமையே, பட்டினி அன்று.