பழிக்கப்பட்ட பறவை

தோழனே!

கன்று ஈன்ற பசு, கால் வீங்கி வலியால் கதறுகிறது. உழவன் உள்ளம் உருக, ஓடோடிச் சென்று மருந்து வாங்கி வந்து ஊசி போடச் செய்கிறான். அந்தக் கருணையிலே குற்றம் ஏது? ஆனால், அந்தக் குப்பிக்குள்ளே ஒரு பேரினத்தின் சாவு அடைபட்டுக் கிடந்ததை அவன் அறியான். அறிந்திருக்க வேண்டியவர்களும் நெடுநாள் அறிந்தாரில்லை!

டைக்ளோஃபினாக் என்பது அம்மருந்தின் பெயர். ஊசி போட்ட மாடு மாண்டு, அதன் இறைச்சியைப் பாறுக் கழுகு தின்றால், பறவையின் சிறுநீரகம் பழுதாகும். சில நாட்களில் தலை தொங்கிச் சாகும். 1990-களில் தொடங்கிய இச்சாவுக்குக் காரணம் தெரிந்தது 2004-இல். 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் மறைந்தன!

"பிணந்தின்னிதானே, போகட்டும்" என்கிறாயா? ஊர்க் கழிவைச் சுமந்து ஊரைக் காத்தவனையே, தீண்டாதே என்று ஒதுக்கிய நாடல்லவா இது! கூலி கேளாமல் பிணம் அகற்றிய பறவைக்கா மாலை சூட்டும்? அபசகுனம் என்றது. திருக்கழுக்குன்றத்தில் மட்டும், அதே குலத்துப் பறவைகள் இரண்டுக்குப் பொங்கலிட்டுக் கும்பிட்டது. குன்றேறினால் தெய்வம், குப்பைமேட்டில் இறங்கினால் பீடை! அந்தக் குன்றத்துப் பறவைகளும் இன்று வருவதில்லை.

பறவை போயிற்று, பிணம் கிடந்தது. நாய்கள் பெருகின, வெறிநோய் பெருகிற்று, நீர்நிலைகளில் நச்சுக் கிருமி கலந்தது. 2000 முதல் 2005 வரை, பாறுகள் அற்றுப்போனதால் கூடுதலாக மாண்ட மனிதர் ஏறத்தாழ 5 லட்சம் என்று, 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. மாளிகைவாசிக்கு வடிகட்டிய நீருண்டு. குளத்து நீரைக் குடத்தில் மொண்டு குடிப்பவனுக்கு?

2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து கூடாதென அரசு தடை விதித்தது. தடை தாளிலே, தாராளம் கடையிலே! மனிதருக்கென விற்ற பெரிய குப்பி மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்தது. 2015-இல் அதற்கும் தடை. அசெக்ளோஃபினாக், கீட்டோப்ரொஃபென் எனும் உடன்பிறந்த நஞ்சுகளுக்கு 2023-இல் தடை. கதவு கதவாக அடைக்க 17 ஆண்டுகள்! பாறுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகாம் எனும் மருந்து இருந்தும் இந்தத் தாமதம்!

நீலகிரி அடிவாரத்தில், மாயாற்றங்கரை மருதமர உச்சியில், எஞ்சிய பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை! அவ்வட்டாரத்துத் தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் உங்கள் ஊர் மருந்துக்கடைக்குச் செல்லுங்கள். மாட்டுக்கென்று எந்தக் குப்பி விற்கப்படுகிறது எனக் கேளுங்கள். விடை சரியில்லையெனில், கால்நடைத்துறைக்கு அன்றே மனு எழுதுங்கள். படி ஒன்று நமக்கும் வரட்டும்.