பத்து பெரிங்கியோடு பினாங்கு முடிஞ்சிடலை



நம்ம கோயில் பினாங்கு யாத்திரைக்குப் பேர் பதிவு ஆரம்பிச்சாச்சு. வழக்கமான திட்டம்தான்: தண்ணீர்மலை முருகன், குவீன் ஸ்திரீட் மாரியம்மன், அப்புறம் பத்து பெரிங்கியில் ரெண்டு ராத்திரி ஹோட்டல். தொண்டர்கள் நாங்க சிலர் இந்த முறை இதை மாத்தணும்னு நினைக்கிறோம். ஏன்னு வெளிப்படையா சொல்லிடுறோம்.

போன யாத்திரையில் ஒரு பாட்டி எங்ககிட்ட கேட்டாங்க: "ஏம்பா, தெலுக் பகாங்ல காளியம்மன் இருக்காளாமே, கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?" நாங்க "நேரம் இல்ல பாட்டி"ன்னு சொல்லிட்டோம். ஆனா அன்னிக்கு ராத்திரி பாசார் மாலாமில் சட்டைக்கும் செருப்புக்கும் பேரம் பேசிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னோம். கோயில் இருந்ததோ பஸ்ஸில் பதினைந்து நிமிஷத் தூரம். இந்த வருஷம் பாட்டிக்கு முட்டி வலி, வரலைன்னு சொல்லிட்டாங்க. அது எங்க மனசை உறுத்துது.

பெரிங்கி என்கிறது நாம சொல்ற பரங்கிதான். பரங்கிக்காரன் பாறையில் தங்குறது தப்பில்லை, கடலும் அழகுதான். ஆனா தீவே அவ்வளவுதான்னு நினைச்சுத் திரும்புறது நமக்குத்தான் நஷ்டம்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனா தெலுக் பகாங். மீன்பிடிப் படகுகள் நிற்கிற ஊர். அங்கேதான் சிங்கமுகக் காளியம்மன் ஆலயம். மாசி மகத்தன்று அம்மன் தெப்பமேறிக் கடலில் வலம் வருகிற திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். சாதாரண நாளில் நம்மைப் போல ஒரு பஸ் கூட்டம் போய் அர்ச்சனை செஞ்சா, உண்டியலில் போடுறதை விட அங்கே தொண்டு செய்றவங்களுக்கு அது பெரிய தெம்பு. கோயில் பணி செய்ற நமக்கு இது தெரியாததா?

"பிள்ளைங்க வரமாட்டாங்களே"ன்னு சிலர் கேக்குறாங்க. அதே ஊரில்தான் 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா இருக்கு. வாசலில் பேர் பதிஞ்சுட்டு காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தா கெராச்சுட் கடற்கரை. ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிற நிலையம் அங்கே உண்டு. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் அடியிலேயும் கலக்காமல் நிற்கிற ஏரியும் உண்டு. நடக்க முடியாதவங்களுக்குப் படகு இருக்கு. எந்த ஹோட்டல் நீச்சல் குளம் இதுக்கு ஈடு?

அங்கிருந்து மலைப்பாதையில் பாலேக் புலாவ். பேரே "தீவின் பின்பக்கம்". வழியெல்லாம் டுரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள். ஊரின் லக்சா பேர்போனது, ஆனா அதில் மீன் உண்டு. விரதக்காரங்க ஜாதிக்காய்த் தண்ணீரோடு நிறுத்திக்கணும் 😊 அப்படியே பாயான் லெப்பாஸ் வழியா இறங்கிப் பாலம் ஏறிடலாம். வந்த வழியே திரும்பி ஜோர்ஜ்டவுன் நெரிசலில் மாட்ட வேண்டாம். பெரிங்கியில் ஒரு ராத்திரியைக் குறைச்சா போதும், கூடுதல் செலவும் இருக்காது.

போற இடத்தில் நாம நடந்துக்கிற விதமும் முக்கியம். மத்தியானம் நடை சாத்தியிருக்கும், அதனால முன்கூட்டியே கோயிலுக்குப் போன் போட்டுக் கேக்கணும். கடற்கரையில் பிளாஸ்டிக், போலிஸ்டைரின் எதையும் விடக்கூடாது. ஆமை வாழ்ற கடல் அது. காட்டுக் குரங்குக்குப் பிரசாதம்னு சொல்லிப் பாக்கெட்டோடு கொடுக்கிற பழக்கமும் வேண்டாம். சாப்பாட்டை உள்ளூர் ஒட்டுக்கடைகளில் வாங்குவோம். இன்னொரு பெரிங்கியை உருவாக்க நாம போகலை.

யாத்திரைன்னா தரிசனம் மட்டும் இல்லை, வழியில் இருக்கிற மனுஷங்களையும் மண்ணையும் பார்க்கிறதும்தான். ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குப் பிறகு திட்டம் முடிவாகுது. உடன்பாடோ மறுப்போ, வந்து சொல்லுங்க. பாட்டி வீட்டுக்கும் நாங்க போகப்போறோம். மலை ஏற வேண்டாம், காளியம்மன் வாசல் வரைக்கும் பஸ்ஸே வரும்னு சொல்லிக் கூப்பிடப் போறோம்.

அம்மன் துணை.