படுக்கையில் இருப்பவருக்கு டிஸ்சார்ஜ் தேதி

போன மாசம் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் அட்மிஷன். ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கு, மனுஷன் கண்ணைக்கூட சரியாத் திறக்கலை. சாயங்காலம் இன்ஷூரன்ஸிலிருந்து மெசேஜ்: கிளெய்ம் கிடையாதாம். ஏனாம்? 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் தங்கலையாம்! கவுன்டருக்கு ஓடி, அனுப்பின ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். அட்மிஷன் தேதி இன்னிக்கு. டிஸ்சார்ஜ் தேதியும் இன்னிக்கு. "சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது" என்றது அந்தப் பொண்ணு. அதைத் திட்டி என்ன ஆகப்போகுது?

எனக்குப் பார்த்ததுமே வயிறு எரிஞ்சுது. பதினஞ்சு வருஷமா ஜாவாவில் வேலை பார்க்கிறவன் நான். இது எப்படி நடந்திருக்கும்னு தெரியாதா? டேட்டாபேஸில் டிஸ்சார்ஜ் தேதிக் கட்டம் காலி. நாங்க அதை 'நல்' என்போம். பழைய டைம்ஸ்டாம்ப்பைப் புது தேதி வகைக்கு மாத்துற இடத்தில் அந்த 'நல்' வந்து நின்னா, 'நல் பாயின்டர் எக்ஸெப்ஷன்'னு புரோகிராம் அங்கேயே படுத்துடும். 2014-ல் ஜாவா 8 வந்தப்போ தேதிக்கெல்லாம் அருமையான புது வகைகள் வந்துச்சு. ஆனா பழசையும் புதுசையும் இணைக்கிற அந்த ஒரு வரியை எழுதுறது நாமதானே? ராத்திரி பதினோரு மணி, மேனேஜர் போன் மேல போன். 'நல் வந்தா இன்னிக்குத் தேதியைப் போடு'ன்னு யாரோ ஒரு வரி எழுதியிருப்பாங்க. எர்ரர் போச்சு. டிக்கெட் குளோஸ். எல்லாரும் தூங்கப் போயாச்சு.

அந்தக் காலிக் கட்டம் குறையா என்ன? 'இவர் இன்னும் வீட்டுக்குப் போகலை'ன்னு அது சொல்லுதுங்க. இருந்த ஒரே உண்மையை அழிச்சுட்டு அங்கே ஒரு பொய்த் தேதியை வெச்சா, கிளெய்ம் பார்க்கிறவர் எதை நம்புவார்?

ஜாவாவாவது விழுந்து காட்டுது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'நல்'லைக் கொடுத்துத் தேதி கேளுங்க, சத்தமே இல்லாம 1970 ஜனவரி 1-ஐக் கொடுக்கும். நம்ம ஊர் நேரத்தில் காலை 5.30. எந்த ஆப்பிலாவது 1970-ஐப் பார்த்தீங்கன்னா சந்தேகப்படுங்க, பெரும்பாலும் அங்கே ஒரு தேதி காணாமப் போயிருக்கும். சி ஷார்ப்பில் 'நல்'லைத் தேதியா கன்வெர்ட் பண்ணினா முதலாம் ஆண்டு ஜனவரி 1. அதை எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸின் டேட்டைம் கட்டத்தில் போட்டா ஏத்துக்காது. அதுக்கு 1753-லதான் உலகமே தொடங்குது. ஆனா எழுத்தே இல்லாத வெத்து சரத்தை அதே வகைக்கு மாத்தச் சொன்னா, தயங்காம 1900 ஜனவரி 1-ன்னு சொல்லும். இல்லாத ஒண்ணுக்கு எத்தனை தேதி பாருங்க! இதிலெல்லாம் மோசம் அந்த 'இன்னிக்குத் தேதி'தான். 1970-ஐப் பார்த்தா யாராவது ஒருத்தர் புருவம் சுருக்குவார். இன்னிக்குத் தேதியை யார் சந்தேகப்படுவாங்க?

1965-ல் 'நல்'லைக் கொண்டுவந்தவர் கணினி விஞ்ஞானி டோனி ஹோர். சேர்க்கிறது சுலபமா இருந்ததால சேர்த்துட்டேன், அது நூறு கோடி டாலர் தப்புன்னு 2009-ல் மேடையில் நின்னு அவரே ஒத்துக்கிட்டார். அந்த நேர்மை நமக்கு வேணாமா? டெஸ்ட் எழுதுறப்போ எல்லாத் தேதியையும் ஒழுங்கா நிரப்பி வெச்சு எழுதுறோம். காலித் தேதியோட ஒரு டெஸ்ட்? கேட்டா, 'அப்படி டேட்டா வராது சார்.' ஏன் வராது? உலகத்தில் பாதி விஷயம் இன்னும் முடியாமத்தானே இருக்கு!

கோடு எழுதுற தம்பி தங்கச்சிங்களே, மாத்துறதுக்கு முன்னாடி 'தேதி இருக்கா'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. இல்லைன்னா காலியாவே அனுப்புங்க. ஃபாரத்திலும் அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும். இருந்தே ஆகவேண்டிய தேதி இல்லையா, புரோகிராம் அங்கேயே நிக்கட்டும், பரவாயில்லை.

ஃபாரத்தைக் கையால் திருத்தி, முத்திரை வாங்கி, திரும்ப அனுப்ப எங்களுக்கு மூணு நாள் ஆச்சு. மாமாவை உட்கார வெச்சுக் கஞ்சி கொடுத்த அத்தை, நடுநடுவே என்னைக் கூப்பிட்டு "பணம் வருமாடா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாமா வீட்டுக்கு வந்தது ஆறாம் நாள்.