தூக்கும் முன் பாருங்கள்



வேலூர் பாகாயத்தில் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. சி.எம்.சி.யின் கல்லூரி வளாகம், மனநல மையம், சாட் மருத்துவமனை எல்லாம் இங்கேதான். ஆனாலும் சாலையில் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் ஓடி வருபவர்கள் டீக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும்தான். வந்ததும் என்ன நடக்கிறது? மயங்கியவர் வாயில் ஒருவர் சோடாவை ஊற்றுகிறார். வலிப்பு என்றால் இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். நாலு பேர் கைகாலைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிடுகிறார்கள். எல்லாம் நல்ல மனசுதான். பார்ப்பதற்கு மட்டும் யாருக்கும் பொறுமையில்லை.

2008 முதல் தமிழகச் சாலைகளில் ஓடும் 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளரைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் ஆளைத் தூக்கமாட்டார். அந்த இடத்தால் தனக்கு ஆபத்து உண்டா என்று சுற்றிலும் ஒரு நோட்டம் விடுவார். பிறகு தோளைத் தட்டிக் கூப்பிடுவார். பதில் வருகிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா, நாடி துடிக்கிறதா, ரத்தம் எங்கிருந்தாவது கொட்டுகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். அடுத்தது கேள்விகள்: “எத்தனை மணிக்கு விழுந்தார்? சர்க்கரை உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். வாய் கோணி, கை துவண்டால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் மிக முக்கியம். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அந்த முதல் நோட்டம், தோல் தொழில் நடக்கும் நம் பக்கத்தில் உயிர்ப் பிரச்சினை. தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தொட்டியில் தேங்கிய சேற்றைக் கிளறினாலும் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். ‘இப்போது நாற்றம் இல்லையே’ என்று இறங்குபவர் அப்படியே சரிகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் சரிகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று சாவுகள் விழுவது இப்படித்தான்.

உள்ளே விழுந்தவர் உடன்பிறந்தவராகவே இருந்தாலும் இறங்காதீர்கள். சத்தம் போட்டு மற்றவர்களையும் விலக்குங்கள். 108-க்கும், மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறைக்கு 101-லும் சொல்லுங்கள்.

‘உதவப் போய் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ’ என்ற பயமும் வேண்டாம். சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்பு தருகிறது.

ஒவ்வொரு தொழிற்சாலையிலும், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேராவது முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். தொட்டி இருக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், இந்தப் பக்கத்தை இன்றைக்கே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்