பால்கனியில் பூத்த சீமைப் பூ கால்வாயில் போய் விழலாமா?

சென்னை நகரில் ஒரு மோகம் பரவிக் கிடக்கிறது. பார்க்கிற பால்கனியில் எல்லாம் சீமைப் பூச்செடி!

அண்ணா நகரா, வேளச்சேரியா, பெரம்பூரா... எந்தப் பக்கம் போனாலும் சரி. மூன்றாவது மாடி, நாலாவது மாடிக் கம்பியில் வரிசையாகத் தொட்டிகள் தொங்குகின்றன. உள்ளே போனால் டி.வி. பக்கத்தில் ஒரு ஆர்கிட். சாப்பாட்டு மேஜை மேல் சிவப்பு ஆந்தூரியம். குளியலறை ஜன்னலைக்கூட விட்டு வைக்கவில்லை!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பாருங்கள். நர்சரி வாசலில் கார்கள் நிற்கும். பேரம் நடக்கும்.

"இதும் பேரு என்னப்பா?"

"ஃபாரின் செடி மேடம்."

"பேரைக் கேட்டேன்பா."

"அதான் மேடம், ஃபாரின் செடி. கும்முன்னு பூக்கும். தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்."

பணம் கை மாறுகிறது. செடி காரில் ஏறுகிறது. பேர் தெரியாமலே!

இந்தப் பேர் தெரியாத வியாபாரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பங்கியும் சீமைதான்!

"மல்லியும் செம்பருத்தியும் இருக்க, சீமைச் செடி எதுக்கு?" என்று சில பெரியவர்கள் கோபிக்கிறார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை.

கல்யாண மாலையில் கட்டுகிற சம்பங்கி எந்த ஊர்? மெக்சிகோ! ஆயுத பூஜைக்கு லாரி லாரியாகக் கோயம்பேட்டில் வந்து இறங்குகிற செண்டுப்பூவும் அதே ஊர்தான். நந்தவனத்து நித்தியகல்யாணிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அந்திமந்தாரை அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

காம்பவுண்டு சுவரில் ஏறி வழியும் காகிதப்பூ இருக்கிறதே, அது பிரேசில்காரி. 1767-ல் பிரெஞ்சுக் கப்பலில் ரியோ டி ஜெனிரோ போய் இறங்கிய தாவர நிபுணர் கண்ணில் பட்டது. கப்பல் தலைவர் பேர் பூகன்வில். அவர் பேரையே செடிக்கும் வைத்துவிட்டார்கள். நாம் பூ என்று ரசிக்கிற அந்தச் சிவப்பும் ஊதாவும் பூவே இல்லை, இலை! நிஜப் பூ நடுவில் வெள்ளையாக, சின்னதாக ஒளிந்திருக்கும். அது வேறு கதை.

ஆக, கப்பலேறி வந்தது என்பதற்காக ஒரு செடியை வாசலிலேயே நிறுத்த வேண்டியதில்லை. வந்தது யார், அதன் குணம் என்ன, நம்ம வெயிலில் நிற்குமா என்று விசாரிக்க வேண்டும். வாடகைக்கு ஆள் வைக்கும்போது விசாரிக்கிறோமே, அந்த அளவுக்காவது!

ஊட்டியில் சிரித்தது; சென்னையில் அழுதது!

கோடை விடுமுறைக்கு ஊட்டி போனால் வர்க்கி வாங்குகிறோம், தைலம் வாங்குகிறோம். கூடவே நாலு பூச்செடியும் வாங்குகிறோம். ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், ஃபுக்‌ஷியா என்று பேரே அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊட்டி இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில். சென்னை இருப்பது கடலோரத்தில். மே மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. பெருங்களத்தூர் வரும்போதே செடி தலை சாய்ந்துவிடும்.

வீட்டு அம்மா என்ன செய்கிறார்? "பாவம், தாகம்" என்று இரண்டு வேளைக்கு நாலு வேளையாகத் தண்ணீர் ஊற்றுகிறார். வேர் அழுகிவிடுகிறது. பழி அம்மாவின் கைராசி மேல்!

ஆர்கிட் சங்கதி இன்னும் மோசம். பட்டாம்பூச்சி மாதிரி வெள்ளை இதழ் விரித்துக்கொண்டு, கண்ணாடித் தாள் சுற்றி, பரிசுப் பொருளாக விற்கிறதே, அது ஃபெலனாப்சிஸ். பசுமைக் குடிலுக்குள் அளவான குளிரில் வளர்த்துப் பூக்க வைத்துக் கொண்டுவருகிறார்கள். பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். அதுவரை வீட்டுக்காரருக்குப் பெருமைதான்.

உதிர்ந்த பிறகுதான் வேடிக்கை. மறுபடி மொட்டு விட அதற்குத் தொடர்ந்து சில வாரங்கள் இரவில் குளுகுளு என்று இருக்க வேண்டும். நம் ஊரில் மார்கழி, தையை விட்டால் ஏது அந்தக் குளிர்? புழுக்கத்தில் இலை விடும். பூ விடாது. ஏ.சி. அறையில் வைத்தாலோ காற்று வறண்டு வேர் காய்கிறது. இதில் சிலர் "தொட்டியில மண்ணே இல்லையே, ஏமாத்திட்டான்" என்று செம்மண்ணைப் போட்டு அமுக்கிவிடுகிறார்கள். மரக்கிளையில் தொற்றி, காற்றில் வேர் விட்டு வாழ்கிற ஜாதி அது. கரித்துண்டும் தேங்காய் மட்டையும்தான் அதற்கு வீடு. செம்மண் போட்டால் சமாதி!

ஆர்கிட்தான் வேண்டும் என்றால் டென்ட்ரோபியம் வாங்குங்கள். தாய்லாந்தில் ஏராளமாக வளர்க்கிறார்கள். அங்கேயும் புழுக்கம், இங்கேயும் புழுக்கம். தகராறு இல்லை. மேற்கு வெயில் அடிக்கிற மொட்டை மாடிக்குக் காகிதப்பூவும் அடீனியமும் போதும். அடீனியம் ஆப்பிரிக்காவிலும் அரபு நாட்டு வறண்ட பூமியிலும் பிறந்தது. நம் அக்னி நட்சத்திரம் அதற்குத் தாய் வீட்டுச் சீதனம்!

ஆனால்...

பாலில் விஷம்!

அடீனியத்தின் கிளையை ஒடித்தால் சாறு கசியும். அந்தச் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடினார்கள். இதயத்தைத் தாக்குகிற விஷம். நம்ம அரளியும் இதுவும் ஒரே குடும்பம். அரளியைத் தொட்டால் "கையைக் கழுவுடா" என்று அதட்டாத பாட்டி உண்டா? அடீனியத்தைப் பற்றி அதட்ட யாருக்கும் தெரியவில்லை. பேரே "பாலைவன ரோஜா" என்று சொல்லி விற்கிறார்கள்!

ஆந்தூரியமும், புள்ளி போட்ட அகல இலை டிஃபன்பாக்கியாவும் அப்படித்தான். கருணைக்கிழங்கைச் சரியாக வேக வைக்காவிட்டால் நாக்கு அரிக்கிறது அல்லவா? அந்தக் கருணைக்குப் பங்காளிகள் இவை. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான உப்பு இருக்கிறது. தவழுகிற குழந்தை ஒரு கடி கடித்தால் வாய் வீங்கும், எச்சில் ஒழுகும், அலறித் துடிக்கும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். "என்ன செடியைக் கடிச்சது?" என்று டாக்டர் கேட்கிறார். "ஃபாரின் செடி" என்றா சொல்வது?

இதற்காகத்தான் சொல்கிறேன். மாத்திரை அட்டையில் பேர் இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தில் சேர்மானம் இருக்கிறது. செடித் தொட்டியில் மட்டும் விலைச் சீட்டு போதுமா? பேர் என்ன, வெயில் எவ்வளவு, விஷம் உண்டா இல்லையா என்று தமிழில் ஒரு சின்ன அட்டை சொருகினால் நர்சரிக்காரருக்கு என்ன நஷ்டம்? கஷ்டம் பார்க்காமல் தோட்டக்கலைத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தேங்கும் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டை வைக்கிறது. ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். மாநகராட்சி ஆள் வந்து கதவைத் தட்டிச் சொல்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்!

ஆகாயத்தாமரையும் அழகுக்கு வந்ததுதான்!

வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு போகட்டும். செடி வாடினாலோ, அலுத்துப் போனாலோ அதை என்ன செய்கிறோம்? பையில் போட்டுக் கட்டி, இருட்டினதும் கால்வாய் ஓரமோ ஏரிக்கரையோ பார்த்து வீசிவிட்டு வந்துவிடுகிறோம். "செடிதானே, மக்கிப் போகும்" என்று நினைப்பு.

மக்காதுங்க! சில செடி ஊரையே விழுங்கும்.

அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய்... எங்கே பார்த்தாலும் பச்சைப் பாய் விரித்த மாதிரி மிதக்கிறதே ஆகாயத்தாமரை, அது என்ன நம்ம ஊர்த் தாமரையா? தென் அமெரிக்காவின் அமேசான் பக்கத்துச் செடி. வெளிர் ஊதாப் பூ, நடுவில் மஞ்சள் திலகம். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அந்தப் பூவில் மயங்கித்தான் 1800-களின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் குளத்துக்கு அழகாக இருக்கட்டுமே என்று!

சூழ்நிலை வாய்த்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிற செடி. விதை சேற்றுக்குள் 20 வருஷம்கூட உயிரோடு படுத்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் மாநகராட்சி நீரிலும் நிலத்திலும் ஓடுகிற எந்திரத்தை இறக்கி அள்ளுகிறது. அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே பாய். அள்ளுகிற காசு யார் காசு? உங்கள் வீட்டு வரி, என் வீட்டு வரி!

இதில் வேதனை என்ன தெரியுமா? அதே ஆகாயத்தாமரையைத் தொட்டியில் மிதக்க விட்டு, "மீன் தொட்டிக்கு ஜோரா இருக்கும் சார்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!

காட்டிலும் இதே கதைதான். உண்ணிச்செடியை 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்ட அழகுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று முதுமலையில் புல் முளைக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மானுக்கு மேய்ச்சல் போச்சு. யானைக்கு வழி போச்சு. இப்படிப்பட்ட அயல் செடிகளைக் காட்டிலிருந்து அகற்ற 2022-ல் தமிழ்நாடு அரசு கொள்கையே வகுத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் காட்டில் பிடுங்குகிற அரசு, நகரத்து நர்சரியில் என்ன விற்கிறார்கள் என்றும் எட்டிப் பார்க்க வேண்டாமா? ஆகாயத்தாமரை விற்பனையை முதலில் நிறுத்தட்டும்.

செம்மொழிப் பூங்காவில் 2024-லும் 2025-லும் மலர்க் கண்காட்சி நடந்தது. குடும்பம் குடும்பமாகப் போய் செல்பி எடுத்துக்கொண்டோம். பூவில் செய்த உருவங்களைப் பார்த்து வாய் பிளந்தோம். அடுத்த கண்காட்சியில் நுழைவாயில் பக்கம் ஒரு பந்தல் போட்டு, "இது விஷச் செடி, இது ஏரியை அழிக்கும் செடி, இது சென்னை வெயிலுக்கு ஏற்றது" என்று பத்துத் தொட்டியைப் பேரோடு வைக்கட்டும். கூட்டம் அங்கேயும் நிற்கும்.

அதுவரை வாடிய செடியைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிடுங்கி, மண்ணை உதறி, மொட்டை மாடியில் போடுங்கள். வேரைக் கையால் நொறுக்கினால் நொறுங்க வேண்டும். அதற்கப்புறம் குப்பை வண்டி மணி அடிக்கும்போது கொடுத்துவிடுங்கள்.